அப்பாவுக்குத் தெரிந்த டெஸ்டிங்

நான் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்ததும் ஐடி வேலைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஐடியில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கல்லூரியில் மூன்று வருடம் புரோகிராமை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தோம். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம்தான் கம்ப்யூட்டர் அறையைத் திறந்துவிட்டார்கள். அதைப் படிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த ஒரு வாரத்தில் ஒன்று தெரிந்தது. ஓடாத புரோகிராமை ஓட வைப்பது எனக்குப் பிடித்திருந்தது. புரோகிராம் எழுதுகிற டெவலப்மெண்ட் பக்கம் போவது என்று மனதுக்குள் வைத்திருந்தேன்.

அப்பாவும் நானும் ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனோம். கீழே செருப்புக் கடை, மாடியில் வகுப்பு. அங்கே இருந்தவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். படிக்கப்போகிறவள் நான். அவர் பேசியது அப்பாவிடம்.

“பொம்பளப் பிள்ளைக்கு டெஸ்டிங்தான் சார் ஈஸி. டெவலப்மெண்ட்னா மண்ட காஞ்சிரும்.”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “டெஸ்டிங்கா? எங்க மில்லுலயும் இருக்கே. அதையே போடுங்க.”

சேர்க்கைப் பாரத்தில் டெஸ்டிங் என்று எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். திங்கட்கிழமை வகுப்பு. எனக்கு டெவலப்மெண்ட்தான் வேண்டும் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

அப்பா நூற்பாலையில் பிட்டர். மெஷின் நின்றால் சரிசெய்வது அவர் வேலை. ஆலையில் டெஸ்டிங் ரூம் என்று ஒன்று உண்டு. சாம்பிள் நூலை இழுத்து அறுத்துப் பார்ப்பார்கள். ஏசி இருக்கும், பஞ்சுத் தூசி இருக்காது, உட்கார்ந்து செய்கிற வேலை. இவர் அந்த வேலை என்று நினைத்து ஏமாந்துவிட்டார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன்.

“அப்பா, மில்லு டெஸ்டிங் வேற. இது வேற.”

“ஏட்டி, நான் என்ன கூமுட்டையா? கம்ப்யூட்டர்ல நூலு அறுப்பாவன்னா நெனச்சேன்? ஒருத்தன் செஞ்சத இன்னொருத்தர் சரியான்னு பாக்கது. அதான?”

“ஆமா.”

பயிற்சி நிலையத்து ஆள்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

“பொறவு என்ன? டெஸ்டிங்ல இருக்க பிள்ள ஒரு சீட்டு எழுதி அனுப்பும். நூலு சரியில்ல, இந்த மெஷின நிறுத்துன்னு. அம்புட்டுதான் அதுக்குச் சோலி. அந்தச் சீட்டக் கையில வச்சுக்கிட்டு ஓடுதவன் நான். கிரீஸுக்குள்ள கைய விட்டுக்கிட்டு, சூப்பர்வைசர்ட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு. நீ சீட்டு எழுதுத ஆளா இரு.”

“எனக்கு ஓடுத சோலிதான்ப்பா பிடிச்சிருக்கு. நின்னு போனத ஓட வைக்கது.”

“பிட்டர் வேலைக்கு எதுக்குட்டி டிகிரி?”

அம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தார். “அப்பனும் மகளும் எந்த மெஷின வேணா ஓட்டுங்க. மொதல்ல சோத்தத் தின்னுட்டு ஓட்டுங்க.”

அப்பா சாப்பிடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மாலை ஷிப்டுக்குக் கிளம்பினார். “கையெழுத்து போட்டாச்சு. இனிமே மாத்த முடியாது,” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் விவரம் தெரியாமல் செய்திருந்தால் விளக்கியிருப்பேன். எல்லாம் தெரிந்துதான் செய்தார். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. அவர் வேலையில் அவர் பட்ட பாடு உண்மை. அதை வைத்து என் வேலையை அவர் முடிவு செய்வது சரியில்லை. இரண்டு நாள் யோசித்தும் எனக்கு இதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை தனியாகப் போனேன்.

“என் பாரத்த எடுங்க. டெவலப்மெண்ட்னு மாத்தணும்.”

“அப்பா ஒத்துக்கிட்டாரா?” என்றார் அந்த ஆள்.

“இல்ல.”

“அப்ப அவர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு…”

“எனக்கு இருபத்தோரு வயசு. பாரம் என் பேர்ல இருக்கு. அவர்ட்ட எதுக்குக் கையெழுத்து வாங்குனீங்க?”

அவர் கோப்பைத் திறந்து பாரத்தை என் பக்கம் தள்ளினார். டெஸ்டிங்கை அடித்துவிட்டு, மேலே டெவலப்மெண்ட் என்று எழுதி, அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

மறுநாள் காலை அப்பாவிடம் சொன்னேன்.

“யாரக் கேட்டு மாத்துன?”

“யாரையும் கேக்கல.”

அப்பா ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. தினமும் வகுப்புக்குப் போனேன்.