பச்சைக் கறை

கொரியாவில் எங்கள் குன்சான் துறைமுகத்தில் போங்நாம் அண்ணனைக் கண்டாலே மீன்காரிகளுக்கு முகம் சுருங்கும். ஒரு மீன் வாங்க ஒன்பது மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். நல்லெண்ணெய் என்றால் மூடியைத் திறந்து முகர்ந்தாக வேண்டும். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். கண்ணால் பார்க்காத எதையும் நம்ப மாட்டார். இந்த மனிதரோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாளோ என்று அவர் மனைவி மால்சுன்னை நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரியான நான் பலமுறை தலையில் அடித்துக்கொண்டதுண்டு.

மால்சுன்னுக்குச் சர்க்கரை வியாதி. ஆறு மாதமாக நாடகத்தில் முகங்கள் மங்கலாகத் தெரிகின்றன என்கிறாள். கண்ணைக் காட்டு என்றால் பழைய டிவி மேல் பழியைப் போடுவாள். புதுசு வந்தால் எல்லாம் தெளிந்துவிடுமாம். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே பாத்திரம் கழுவ எழுந்து போய்விடுவாள். கடையில் பார்த்து வாங்கலாம் என்றால் எங்கள் பக்கத்தில் இருந்த ஒரே டிவி கடையையும் மூடிவிட்டார்கள்.

அன்று மாலை நான் முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சி கொடுக்கப் போயிருந்தேன். டிவியிலேயே பொருள் விற்கும் சேனலில் ஒரு பெரிய டிவியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். போன் செய்தால் வீட்டுக்கே வரும். இன்னும் ஆறு நிமிடம்தான் என்று எண்கள் ஓடின. மால்சுன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் பதிலுக்குக் காத்திருந்தாள்.

அண்ணன் திரைக்கு முன்னால் குந்தி, செவுள் பார்ப்பது போலவே பார்த்தார்.

"வேண்டாம். இடது மூலையில பச்சையா கறை இருக்கு. பாக்காம வாங்கியிருந்தா ஏமாந்திருப்போம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணே, அது உங்க டிவியில இருக்கிற கறை. மூணு மாசமா அந்தப் பக்கம் வர்றவங்க மூஞ்சிக்கெல்லாம் பச்சை பூசிட்டுதான இருக்கு."

அவரும் அசடு வழியச் சிரித்தார். மால்சுன் மட்டும் சிரிக்கவில்லை.

"எந்தக் கறை?" என்றாள்.

உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது அது. எண்கள் ஓடி முடிந்து, சேனலில் வாணலி விற்கத் தொடங்கினார்கள். போன் அவள் மடியிலேயே கிடந்தது.

அண்ணன் அவளைக் கைப்பிடித்து எழுப்பித் திரைக்கு அருகே கூட்டிப் போனார். அவள் விரலை எடுத்து அந்த மூலையில் வைத்து, மெதுவாக நகர்த்தினார்.

"இங்கருந்து, இதுவரைக்கும்."

"இவ்வளவு பெரிசா" என்றாள் மால்சுன். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவே இல்லை. பிறகு கேட்டாள்: "காலையில ஆஸ்பத்திரிக்கு எத்தன மணிக்குங்க பஸ்ஸு?"