ஜி-க்குச் சற்றுக் கீழே

சுலக்ஷனா கொழும்பில் இசையமைப்புப் பட்டம் படித்துக்கொண்டிருந்தாள். நோர்வூட்டுக்கு மேலே அவள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் இதைச் சொன்னால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது.

"பாட்டு டீச்சரா வரப்போறியா?" என்று கேட்பார்கள்.

"இல்லக்கா, பாட்டு உண்டாக்கப் படிக்கிறேன்."

"சினிமாவுக்கா?"

அதற்குமேல் விளக்க அவளுக்குத் தெரியாது. அம்மா நாகலெட்சுமிதான் கடைசியில் ஒரு பதிலைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாராவது கேட்டால், "எம்புள்ள சத்தம் படிக்குது" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நாகலெட்சுமி சிரிக்கமாட்டாள்.

சிறு வயதிலிருந்தே சுலக்ஷனா கொஞ்சம் கனவில் நடப்பவள்தான். பள்ளிக்கூடம் போகும் வழியில் நின்றுவிடுவாள். கேட்டால், "ஒண்ணு கேட்டுச்சு" என்பாள். என்ன கேட்டது என்று அவளாலேயே சொல்ல முடியாது. வார்த்தை இல்லாத ஒரு ராகம் எங்கிருந்தோ வந்து, பனிமூட்டம் மாதிரி அவளைச் சுற்றிக்கொள்ளும். பிறகு கலைந்துபோகும். பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பில் சங்கீதம் எடுத்ததும், நுழைவுத் தேர்வுக்குக் கொழும்புக்குப் போனதும், அங்கே தானே கட்டிய ஒரு சின்ன மெட்டைப் பாடிக்காட்டியதும் அந்த மூட்டத்தைப் பிடித்துவைக்க வழி இருக்கிறதா என்று பார்க்கத்தான். வழி இருந்தது. ஐந்து கோடு போட்ட தாளில், புள்ளி புள்ளியாக.

ஆனால் முதலாம் வருடத்திலேயே ஒரு சிக்கல் வந்தது.

பிரியந்தி மிஸ் நடத்திய காதுப் பயிற்சி வகுப்பில், அவர் பியானோவில் ஒரு சுரத்தை ஒருமுறை மட்டும் தட்டிக் காட்டுவார். அதிலிருந்து தொடங்கி, எந்த வாத்தியத்தின் துணையும் இல்லாமல், தாளில் இருப்பதைப் பாடி முடிக்க வேண்டும். முடிந்ததும் மிஸ் அதே சுரத்தை மறுபடி தட்டுவார். எல்லோருமே கொஞ்சம் இறங்கியிருப்பார்கள், ஒருநாள் அதிகம், ஒருநாள் குறைவு. சுலக்ஷனா மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இறங்கியிருந்தாள். அதுவும் ஜி சுரத்தில் தொடங்கினால், அதற்குச் சற்றுக் கீழே போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து அசையவே மாட்டாள்.

"இது பிழையான காது இல்லை" என்றார் மிஸ் சிங்களத்தில், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு. "பிழை என்றால் அங்கும் இங்கும் அலையும். உன்னுடையது வேறு எங்கேயோ வீடு கட்டிக்கொண்டு இருக்கிறது. எப்படியாவது அதை எழுப்பி மேலே கொண்டு வா. இல்லாவிட்டால் பரீட்சையில் புள்ளி குறையும்."

புள்ளி குறைந்துகொண்டுதான் வந்தது. சுலக்ஷனா ஃபோனில் சுருதி காட்டும் ஆப் ஒன்றை இறக்கி, தினமும் அதன் முன்னால் பாடிப் பழகினாள். சுருதி சரியாகி முள் நடுவில் நிற்கும்போது அவள் குரலை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். கீழே இறக்கிவிட்டால் உடம்பெல்லாம் தளர்ந்து இதமாகும். இறக்கக் கூடாது என்று அவள் தன்னையே கடிந்துகொள்வாள்.

விடுதியில் அவளுடன் ஒரே அறையில் இருந்த ஷிபானா ஹட்டன்காரி. அவளுடைய வாப்பா அங்கே துணிக்கடை வைத்திருந்தார். அவள் ஒருநாள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "நீ படிக்கும்போது ஒரே சத்தமா முனகுறது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"முனகுறேனா?"

"ரெண்டு வருஷமா. நான் பழகிட்டேன். நீ ஊருக்குப் போயிட்டா எனக்கு ரூம் வெறுமையா இருக்கும்."

சுலக்ஷனா ஃபோனை நீட்டினாள். "இப்ப முனகுறேன், முள் எங்க நிக்குதுன்னு பாரு."

ஷிபானா பார்த்தாள். ஜி-க்கும் அதற்குக் கீழே உள்ள அரைச் சுரத்துக்கும் இடையிலான தூரத்தில், மூன்றில் ஒரு பங்கு இறங்கிய இடத்தில், முள் ஆணி அடித்த மாதிரி நின்றது.

சித்திரை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது மூன்றாம் வருடம் பாதி கடந்திருந்தது. நால்வர் வாசிக்கும் தந்தி வாத்தியக் குழுவுக்காக ஒரு முழுப் படைப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். தாள் வெள்ளையாகவே இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணி இருக்கும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைய கொழுந்து லொறியில் ஏறி ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அதன் மேல்மாடியில் நீள நீளமான தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய ஃபேன்களால் காற்று ஊதி வாட்டுவார்கள். அவளுடைய அப்பா கந்தப்பனுக்கு அந்த மாடியில்தான் வேலை.

ஃபேன்கள் ஓடத் தொடங்கின. அந்தச் சத்தம் புதிதல்ல. பிறந்ததிலிருந்து அவள் அதற்குள்தான் தூங்கி எழுந்திருக்கிறாள். அதனால்தான் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. அன்றைக்கு என்ன தோன்றியதோ, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஃபோனில் அந்தச் சுருதி ஆப்பைத் திறந்து பார்த்தாள்.

அவள் முனகியபோது நின்ற அதே இடத்தில் முள் நின்றது.

துணிக் கூடையை அப்படியே வைத்துவிட்டு அவள் இறக்கத்தில் ஓடினாள். ஸ்டோர் மாடிப்படி ஏறும்போது பச்சை வாசம் முகத்தில் அடித்தது. கந்தப்பன் தொட்டி ஓரத்தில் குனிந்து ஒரு கை கொழுந்தை அள்ளிப் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்னா புள்ள, ஓடி வர்ற? அம்மாவுக்கு ஏதுமா?"

"ஒண்ணுமில்லப்பா. இந்த ஃபேனுங்க எப்ப இருந்து ஓடுது?"

"நீ பொறக்க முந்தியே. ஏன்?"

"சத்தம் மாறுமா?"

கந்தப்பன் மகளைப் பார்த்தார். இருபத்தாறு வருட வேலையில் அவரிடம் இதை யாரும் கேட்டதில்லை. "சத்தம் மாறாது. கனம் மாறும்" என்றார். "கொழுந்து ஈரமா வந்து விழுந்த உடனே காத்து மேல வர முடியாம முட்டும். அப்ப சத்தம் அடைச்ச மாதிரி, கனமா இருக்கும். வாட வாட எல தளரும்ல, காத்துக்கு வழி கெடைக்கும், சத்தம் லேசாகும். கண்ண மூடிட்டு நின்னாலே நான் சொல்லிருவேன், இன்னும் எவ்வளவு நேரம் வாடணும்னு."

"இதெல்லாம் நீங்க எங்கிட்ட சொன்னதே இல்லையேப்பா."

"நீ கேக்கலயே" என்றார் அவர், சாதாரணமாக.

அன்று மாலை ஆறு மணிவரை அவள் அந்த மாடியிலேயே, கவிழ்த்துப் போட்ட கூடையின்மேல் உட்கார்ந்திருந்தாள். பெரிய சன்னல்களுக்கு வெளியே மலை தெரிந்தும் மறைந்தும் போனது. உள்ளே அந்த ஒற்றைச் சுரம். அதன் மேல் சின்ன வயதில் வழியில் நிறுத்திய ராகங்கள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன. எல்லாமே அந்தச் சுரத்திலிருந்துதான் முளைத்திருக்கின்றன என்று அவளுக்கு விளங்கியபோது பயமாகக்கூட இருந்தது. தான் உண்டாக்கியது என்று நினைத்ததையெல்லாம் ஒரு மோட்டர் உண்டாக்கியிருக்கிறதா? பிறகு நினைத்தாள்: அந்த லயத்தில் நாற்பது குடும்பம் இருக்கிறது. இதே சத்தத்தில் எல்லோரும்தான் தூங்கினார்கள். ராகம் எனக்கு மட்டும்தானே வந்தது.

பன்னிரண்டு நிமிடப் படைப்பு ஒன்பது நாளில் முடிந்தது. நான்கு தந்தி வாத்தியங்களும் ஒன்றையொன்று நெருக்கி, மூச்சு முட்டும் கனத்தில் தொடங்கும். பிறகு ஒவ்வொன்றாக விலகி, இடைவெளி விட்டு, கடைசியில் ஒரே சுரம் காற்றைப் போல் போய்க்கொண்டிருக்கும். முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்: எல்லா வாத்தியங்களின் சுருதியையும் அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறக்கிக் கட்டவும்.

பிரியந்தி மிஸ் தாளை முழுவதும் வாசித்துவிட்டு, "இது நல்ல வேலை" என்றார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி அந்தக் குறிப்பைப் பென்சிலால் அடித்தார்.

"மிஸ், அதுதான் முக்கியம்."

"நிகழ்ச்சியன்று ஏழு மாணவர்களின் படைப்புகளை ஒரே நால்வர்தான் வாசிக்கிறார்கள். உனக்காகத் தந்தியை இறக்கினால் அடுத்தவருக்கு மறுபடி ஏற்ற வேண்டும், சுருதி நிலைக்காது. சாதாரண ஜி-யில் வாசிக்கட்டும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சுலக்ஷனா தலையாட்டிவிட்டு வந்து, விடுதிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஷிபானா தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை பிற்பகல். கந்தப்பனும் நாகலெட்சுமியும் விடிகாலை பஸ் பிடித்து வந்து, மண்டபத்தின் பின்வரிசையில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஷிபானாவும் அவர்களுடன் இருந்தாள். சுலக்ஷனாவின் படைப்பு நான்காவது. கைதட்டினார்கள். நடுவர்கள் எழுதிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது அவள் பெற்றோரிடம் வந்தாள்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா" என்றார் கந்தப்பன். கொஞ்சம் தயங்கினார். "எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனா மோட்டர் ஓவரா ஓடுற மாதிரி இருந்துச்சு. நம்ம ஃபேனு இவ்வளவு அவசரப்படாது."

சுலக்ஷனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள். தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த பிரியந்தி மிஸ் பதறிப்போய் வந்து, என்ன நடந்தது என்று கேட்டார். அப்பா சொன்னதை அவள் சிங்களத்தில் சொன்னாள். மிஸ் கந்தப்பனைத் திரும்பிப் பார்த்தார். யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று தான் சொன்னதை நினைத்திருப்பார்.

பெட்டியில் வயலினை வைத்துக்கொண்டிருந்த, வாசித்த நால்வரில் ஒருவனான மதுரனிடம் போய், "நீங்கள் நால்வரும் இன்னும் கால் மணி நேரம் இருக்க முடியுமா?" என்று கேட்டார்.

மதுரன் முணுமுணுத்தான். பசிக்கிறது என்றான். பிறகு தந்திகளின் முறுக்காணிகளைத் தளர்த்தினான், மற்ற மூவரும் தளர்த்தினார்கள். சுலக்ஷனா ஃபோனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தந்தியாகச் சரிபார்த்தாள். காலி மண்டபத்தில், ஐந்தே பேர் கேட்க, நால்வரும் மறுபடி தொடங்கினார்கள்.

முதல் வில் இழுப்பிலேயே மண்டபம் வேறாகிவிட்டது. கனமான, ஈரமான ஒன்று தரையிலிருந்து எழுந்து காலைச் சுற்றியது. சன்னல் வழியாக விழுந்த கொழும்பு வெயில்கூட மங்கிப் பச்சையானது போல் அவளுக்குத் தோன்றியது. கந்தப்பன் கண்களை மூடிக்கொண்டார். அவருடைய வலது கை தானாக விரிந்து, எதையோ அள்ளிப் பிசைந்து பார்த்தது. சுரங்கள் தளர்ந்து தளர்ந்து விலகின. ஷிபானா சுலக்ஷனாவின் தோளைத் தொட்டு, மெதுவாகப் பக்கத்தைக் காட்டினாள்.

நாகலெட்சுமி தூங்கிவிட்டிருந்தாள். பகலில் கண்ணயர்ந்து மகள் ஒருநாளும் பார்த்திராதவள், தலையைக் கணவனின் தோளில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

வாசித்து முடித்த நால்வரும் வில்லைக் கீழே வைக்காமல் அப்படியே இருந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. எழுப்பவேண்டாம் என்று மிஸ் சைகை காட்டினார். பசி என்று சொன்ன மதுரன்கூட அசையவில்லை. பத்து நிமிடம் போயிருக்கும். நாகலெட்சுமி தானாகவே விழித்து, சுற்றிலும் பார்த்து, வெட்கத்தோடு முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள்.

"பஸ் களைப்பு" என்றாள்.

"நல்லதும்மா" என்றாள் சுலக்ஷனா.

புள்ளி முதல் வாசிப்புக்குத்தான் கிடைத்தது, சுமாரான புள்ளிதான். இரண்டாவதை எந்தப் பதிவிலும் எழுதவில்லை. இப்போது அவள் நான்காம் வருடம். அடுத்த படைப்பு மனிதக் குரல்களுக்காக. இருபது பெண்கள் வேண்டுமாம், ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த சுரத்தில் தொடங்கலாமாம். அதை எப்படித் தாளில் எழுதுவது என்று பிரியந்தி மிஸ்ஸும் அவளும் வாரக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.