கிழக்கு முகமாக வைத்த பானை

தீர்மானம் எடுப்பது எப்படி என்று அரசாங்கச் செலவில் படித்தவள் நான். எண்பத்து மூன்றின் முற்பகுதியில், ஆஸ்பத்திரி வாட்டுக்குப் பொறுப்பான தாதிமாருக்கென்று கொழும்பில் ஒரு வகுப்பு நடத்தினார்கள். கரும்பலகையில் வட்டம் கீறி, பிரச்சினையை இனங்காண்க, தகவல் திரட்டுக, மாற்று வழிகளை ஆராய்க என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். பயிற்சிக்குத் தந்த பிரச்சினை இதுதான்: இரண்டு தாதிமார் ஒரே நாளில் லீவு கேட்கிறார்கள், நீங்கள் என்ன செய்வீர்கள்? குழுக்குழுவாக இருந்து ஒரு பின்னேரம் முழுவதும் யோசித்தோம். நடுவில் தேநீரும் கேக்கும் வந்தன. நான் ஊருக்குத் திரும்பிச் சில மாதங்களில் நாடு பற்றியெரிந்தது. அதன் பிறகு என்னிடம் லீவு கேட்ட தாதிமார் குறைவு. சொல்லாமலே போய், கனடாவிலிருந்து தபால் காட் போட்டவர்கள்தான் அதிகம்.

நான் இருந்தது வலிகாமத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். பெண்கள் வாட்டும் பிள்ளைப்பேற்று அறையும் என் பொறுப்பு. டொக்டர் ஒருவர்தான். அவரையும் இன்னோர் ஆஸ்பத்திரியோடு பங்குபோட்டிருந்தோம். கிழமையில் பாதி அங்கே, பாதி இங்கே, சைக்கிளில் வருவார். அவர் இல்லாத பாதியில் டொக்டருக்குரிய யோசனைகளை நான் யோசிக்க வேண்டும், டொக்டருக்குரிய சம்பளம் இல்லாமல்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மின்சாரம் நின்றுபோயிற்று. பொருளாதாரத் தடையில் சவர்க்காரம், பற்றரி, பெற்றோல் எல்லாம் பழங்கதையாகிக்கொண்டிருந்தன. எங்களிடம் மண்ணெண்ணெயில் ஓடுகிற பிறிட்ஜ் ஒன்று இருந்தது. அடியில் விளக்கு எரிந்தால் உள்ளே குளிரும். நெருப்பு வைத்தால் எப்படிக் குளிரும் என்று புத்தகத்தில் தேடி வாசித்தேன். வாசித்த பிறகு முன்பிருந்த தெளிவும் போய்விட்டது. எது எப்படியோ, கிடைத்த மண்ணெண்ணெய் பிறிட்ஜுக்கும் பிள்ளைப்பேற்று அறை விளக்குக்கும் சேர்த்துப் போதவில்லை. பிள்ளைகளோ இருட்டில் பிறப்பதில்தான் விருப்பமாக இருந்தார்கள்.

பிறிட்ஜை நிறுத்தினேன். உள்ளே பெரும்பாலும் காற்றுத்தான் இருந்தது. தடுப்பு மருந்துகள் வருவது நின்று கனகாலம். மிஞ்சியது கொஞ்ச இன்சுலின் குப்பிகள்.

அந்த இன்சுலின் அநேகமாக ஒருத்திக்குரியது. இருபது வயது மட்டில் ஒரு பிள்ளை. சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்கிறவரின் மகள். சின்ன வயதிலேயே வந்த சலரோகம், ஊசி இல்லாமல் உயிர் தங்காத வகை. மருந்து கடைகளில் இல்லாமற்போனபோது வாட்டிலேயே ஒரு கட்டிலில் தங்கிவிட்டாள். தாயும் பாயோடு வந்து கட்டிலடியில் படுத்துக்கொண்டார். பிள்ளை பண்டேஜ் சுற்றித் தருவாள், பஞ்சு உருட்டித் தருவாள். என்னிடம் நாவல்களை வாங்கி வாசித்துவிட்டு, “முடிவு சரியில்லை மிஸி” என்று திருப்பித் தருவாள். எழுதியவள் நானில்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

குப்பிகளைக் குளிராக வைத்திருக்க வேண்டும். தண்ணீர்ப் பானை எந்த வெயிலிலும் குளிர்ந்துதானே இருக்கிறது என்று யோசித்தேன். அகன்ற மண்சட்டி ஒன்றில் ஈர மணல். மணலில் பாதிவரை புதைத்த ஒரு பானை. பானைக்குள் பொலித்தீனில் சுற்றிய குப்பிகள், வாய்க்கு ஒரு மூடி. வெளியே நனைத்த வெள்ளைத் துணி சுற்றினேன். ஸ்ரோர் அறையின் இருட்டு மூலையில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு. டொக்டர் கைவிட்டுப் பார்த்துவிட்டு, “கெட்டிக்காரி” என்றார். ஒரு மாதமளவில் நான் நடந்து திரிந்த விதத்தைப் பார்த்தவர்கள், பனிக்கட்டியையே நான்தான் கண்டுபிடித்தேன் என்று நினைத்திருப்பார்கள்.

தண்ணீர் தெளிக்கும் வேலையை வாட்டு அற்றென்டனிடம் கொடுத்தேன். என்னிலும் மூத்த பெண். விரத நாட்களில் பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் இரண்டு பேரின் வேலையைச் செய்வார். “உள்ளுக்கு மருந்து கிடக்கு அக்கா. தண்ணி காயக் கூடாது, இருட்டிலை இருக்கவேணும்” என்றேன். “ஓம் மிஸி” என்றார். எங்கள் பக்கத்தில் ‘ஓம்’ என்றால் சத்தம் காதில் விழுந்தது என்று பொருள். அதற்கு மேல் பொருள் கொள்வது சொன்னவரின் துணிச்சல்.

புரட்டாதிக் கடைசியில் எனக்கு மலேரியா வந்தது. கொக்குவில் வீட்டில் போர்த்துக்கொண்டு நடுங்கினேன். மருந்துக் கைப்பில் வாயும் காதடைப்பில் செவியும் உதவாமற்போய், ஒரு கிழமைக்கு மேல் உலகத்துக்கு நான் தேவைப்படவில்லை. எழும்பி, சைக்கிளை உருட்டுவதும் ஓடுவதுமாக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வாட்டு விறாந்தையின் கிழக்கு முனையில், காலை வெயில் நேரே விழுகிற இடத்தில், என் பானை இருந்தது. மூடிக்குப் பதிலாக மாவிலையும் மஞ்சள் பூசிய தேங்காயும். வெள்ளைத் துணியில் சந்தனப் பொட்டு. சட்டி மணல் முழுவதும் பயறும் நெல்லும் முளைத்து விரல் நீளத்துக்குப் பச்சையாக நின்றன. முன்னால் செவ்வரத்தம்பூக்கள். நவராத்திரி நடந்துகொண்டிருந்தது.

“உது என்ன அக்கா?”

“கும்பம் மிஸி. நல்ல வடிவா முளைச்சிருக்கு, என்ன?”

“அதுக்குள்ளை மருந்தெல்லோ கிடக்கு.”

“மருந்து பத்திரமா உள்ளுக்குத்தான் கிடக்கு. நான் ஒண்டையும் தொடேல்லை. தண்ணியும் நீங்கள் சொன்னதிலும் பாக்கக் கூடத்தான் தெளிச்சனான்.”

“இருட்டிலை வைக்கச் சொன்னனானெல்லோ.”

“இருட்டுக்கை பயறு மஞ்சளாத்தான் வரும் மிஸி. கும்பம் எண்டால் கிழக்கைப் பாத்திருக்கவேணும்.” குரலைத் தாழ்த்தினார். “ஈர மண், பானை, வெள்ளைத் துணி, எல்லாம் நீங்களே ஆயத்தமா வைச்சிருந்தியள். தேங்காயும் மாவிலையும்தான் குறை. மருந்தை அம்பாளிட்டை ஒப்படைக்க நினைச்சிருக்கிறியள், காய்ச்சல் வந்து குறையிலை விட்டிட்டுப் போட்டியள் எண்டு விளங்கிச்சுது. அதுதான் நான் முடிச்சு வைச்சனான்.”

அவருடைய பார்வையில் பார்த்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. தகவல் திரட்டியிருக்கிறார், பொருத்திப் பார்த்திருக்கிறார், முடிவெடுத்துச் செயற்பட்டுமிருக்கிறார். கொழும்பில் என்னோடு படித்த பலரிலும் அவர் மேல்.

என்னுடைய இடத்தில் நின்றது குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த இளம் தாதி. பொறுப்பான பிள்ளை, கத்தோலிக்கப் பெண். அவளைக் கேட்டேன், நீயாவது ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று.

“நான் வேதக்காரி, சிஸ்ரர். உங்கடை சாமி விசயத்திலை வாய் வைச்சால் பிழையா நினைப்பினம்” என்றாள். “நான் இன்சுலின் எடுக்கேக்கை செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் எடுத்தனான்.”

தேங்காயைத் தூக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டேன். கோழி அப்போதுதான் எழும்பிப் போன கூடு மாதிரி இருந்தது. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மருந்து தெளிவாகத்தான் இருந்தது. செத்த இன்சுலினுக்கும் உயிருள்ள இன்சுலினுக்கும் முகத்தில் வித்தியாசம் தெரியாது.

“பிள்ளை எப்படி இருக்கிறாள்?” என்றேன்.

“சீனி கூடிப்போச்சு சிஸ்ரர்.” இளம் தாதியின் முகம் மாறியது. “நாலைஞ்சு நாளா மூத்திரம் காய்ச்சிப் பாத்தால் செங்கல் நிறம்தான் வருது. பூசைக்கு ஒவ்வொரு நாளும் அவலும் பனங்கட்டியும் குடுக்கினம். அதைக் களவாத் தின்னுறாள். டொக்டரும் வந்து நல்லா ஏசிப்போட்டுப் போனவர்.”

சிறுநீரோடு நீல நிறக் கரைசலைச் சேர்த்துக் காய்ச்சிச் சர்க்கரை பார்ப்பது அந்தக் காலத்து வழக்கம். நீலமாகவே நின்றால் நல்லது. செங்கல் நிறமானால் கூடாது.

கட்டிலுக்குப் போனேன். உதடு காய்ந்து, மூச்சு ஆழமாக இழுத்துக்கொண்டு கிடந்தாள். மூச்சில் பழம் அழுகிய வாசம் அடித்தது. கண்ணைத் திறந்து என்னைக் கண்டதும், “நான் அவல் தின்னேல்லை மிஸி” என்றாள். எப்படி இருக்கிறீர்கள், காய்ச்சல் மாறிவிட்டதா என்று கேட்கிறவள் அவள். அன்றைக்கு அது ஒன்றைத்தான் சொன்னாள்.

தாய் எனக்குச் சமாதானம் சொல்வதுபோல், “ஒரு பிடி திண்டிருப்பாள் மிஸி. சின்னப் பிள்ளைதானே, வாய் கேக்காது” என்றார்.

“நீயும் நம்பாதை” என்றாள் மகள். குரலில் கோபத்துக்குக்கூடப் பலம் இல்லை.

நான் நம்பினேன். சூடான குப்பியை என் கையில் பிடித்திருந்ததால் எனக்கு அது சுலபம்.

இனி என்ன செய்வது என்பது சுலபமாக இல்லை. டொக்டர் மற்ற ஆஸ்பத்திரியில். பானை மருந்தையே கூட்டிப் போடலாம். அது முற்றாகச் செத்திருந்தால் ஊசி போட்டும் பயன் இல்லை, நேரம்தான் போகும். பாதி உயிரோடு இருந்தால், எவ்வளவு பாதி என்று யாருக்குத் தெரியும்? கூடிப்போனால் சர்க்கரை ஒரேயடியாக விழுந்து அந்த வழியிலும் போய்விடுவாள். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் காய்ச்சிப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அவளுடைய மூச்சு என்னைக் காத்திருக்கச் சொல்லவில்லை. மற்ற வழி யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரி. அங்கே இன்சுலின் இருக்கலாம். வழியில் ஹெலியும் குண்டு போடுகிற பொம்பரும் இருக்கலாம்.

அனுப்புவதென்று முடிவெடுத்தேன். இருந்த சேலைனை ஏற்றினேன். சந்தியில் ஒருவரிடம் பழைய ஏ-40 கார் இருந்தது. நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி அதை உசுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். அவர் வந்து, “கார் வரும் தங்கச்சி, எண்ணெய் ஆர் தாறது?” என்றார். பிள்ளைப்பேற்று அறைக்கென்று வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கிக் கொடுத்தேன். நிறைமாதக்காரி ஒருத்தி கதவடியில் நின்று அதைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கார் வருவதற்கிடையில் இன்னொரு வேலையும் செய்தேன். இன்னொருவருக்கு அந்த மருந்து போய்விடக் கூடாது என்று குப்பிகளை வெளியே எடுத்து, மாவிலையைக் கழற்றி, பானையை மணலிலிருந்து பிடுங்கினேன். முளைகள் வேரோடு வந்தன. அற்றென்டன் என் கையைப் பிடித்தார். ஒருநாளும் தொட்டுப் பேசாதவர்.

“விசயதசமிக்கு இன்னும் ரெண்டு நாள்தான் கிடக்கு மிஸி. இடையிலை கும்பத்தைக் குழப்பக் கூடாது. நோயாளியள் இருக்கிற இடம்.”

“விடுங்கோ அக்கா” என்றேன்.

கட்டிலடியில் இருந்த தாய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வரத்தம்பூ ஒவ்வொரு காலையும் அவர் கொண்டுவந்து வைத்ததாம், மகளுக்காக. அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கார் போனது. இளம் தாதி சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்தபடி பின்சீற்றில் இருந்தாள். வழியில் ஹெலி சுற்றியதால் ஒரு மரத்தின் கீழ் கனநேரம் நிறுத்த வேண்டிவந்தது. ஆனாலும் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே மருந்து இருந்தது. உடனே கொடுத்தார்கள். அவளுடைய உடம்பு அதற்குள் கேட்கும் நிலையைத் தாண்டியிருந்தது. மறுநாள் போய்விட்டாள்.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நான் அந்தப் பிள்ளையை ஏசினனான்” என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

குப்பிகளைக் கிணற்றுக்குத் தூரமாகப் புதைத்தேன். புதிதாகக் கொஞ்சம் வந்தபோது பானையைத் திரும்பவும் ஸ்ரோர் அறையில் வைத்தேன், பூட்டோடு. வெள்ளைத் துணிக்குப் பதிலாக, புகையிலை கட்டிய பழஞ்சாக்கைச் சுற்றினேன். எந்தத் தெய்வமும் அந்த மணத்துக்குக் கிட்ட வராது. நிருவாகத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கும்.

இறந்தவளுக்குச் சடங்கு செய்யும் செலவு வீடு முடிந்த பிறகு தாய் வந்தார், கட்டிலடியில் விட்டுப்போன பாயையும் கோப்பையையும் எடுக்க. அற்றென்டன்தான் அவற்றைக் கழுவி வைத்திருந்தார். பாயைச் சுருட்டியபடி தாய் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“நீங்கள் படிச்ச ஆள் மிஸி. எனக்கு ஒண்டும் தெரியாது. எண்டாலும் அந்தக் கும்பத்தை ரெண்டு நாள் பொறுத்து எடுத்திருக்கலாம். அதைப் பிடுங்கின நேரம்தான் எனக்கு நெஞ்சு பதறினது.”

அற்றென்டன் பக்கத்தில் நின்றார். அவருடைய கண்ணும் அதையேதான் சொன்னது.

என்னிடம் விளக்கம் ஆயத்தமாக இருந்தது. வெயில், சூடு, மருந்து எப்படிக் கெடும் என்பது, எல்லாம் ஒழுங்காக வரும். அதைச் சொன்னால் அவள் அவல் தின்னவில்லை என்பது தெளிவாகும். அவளுக்காக அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதோடு, தான் காலையில் பூ வைத்துக் கும்பிட்டது மகளின் மருந்து செத்துக்கொண்டிருந்த இடத்தில் என்பதும் தாய்க்குத் தெரியவரும். கடைசி நாட்களில் மகள் சொன்ன உண்மையைத் தானே நம்பவில்லை என்பதும் தெரியவரும். அற்றென்டனுக்கும் தன் பங்கு கிடைக்கும். அவர் அடுத்த நாள் வேலைக்கு வரமாட்டார், அல்லது கிணற்றடிக்குப் போய்த் திரும்பமாட்டார். இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இறந்தவளுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும், உயிரோடு நிற்கிறவர்கள் இரண்டு பேர்.

“பிழைதான் அம்மா” என்றேன்.

தாய் தலையை ஆட்டினார். பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படலையைத் திறந்து போனார். பெருந்தன்மை என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த அற்றென்டன் போனால் வாட்டுக்குத் தண்ணீர் அள்ள வேறு ஆளில்லை என்பதும் அந்த நேரம் என் மனதில் ஓடியது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் என் மேசைக்கு வந்து நின்றார். கையில் அருச்சனைத் தட்டு.

“கோயிலுக்குப் போட்டு வாறன் மிஸி. உங்கடை பேரிலையும் ஒரு அருச்சினை செய்விப்பம். செய்த பிழைக்கு அம்பாளிட்டைக் கேட்டால் மன்னிப்பா.” கொஞ்சம் தயங்கினார். “நட்சத்திரம் என்ன?”

“பூரட்டாதி” என்றேன்.