டச்சு வினைச்சொல்லும் அம்மாவின் முன் சீட்டும்

நான் டச்சு படித்தது ஒட்டுக் கேட்கத்தான். அக்கா ஒரு நெதர்லாந்துக்காரனைக் கட்டப்போகிறாள், கலியாணத்தில் அவன் ஆட்கள் எங்களைப் பற்றி என்ன கதைக்கிறார்கள் என்று யாராவது தெரிந்துவைத்திருக்க வேண்டாமா? போனில் ஒரு ஆப்பைப் போட்டு, மில்லிக்கன் வீட்டிலிருந்து மிசிசாகாவுக்கு வேலைக்குக் கார் ஓடும் நேரமெல்லாம் உருப்போட்டேன். கடைசியில் அவர்கள் கதைத்தது முழுக்க மழையைப் பற்றி. ஆனால் அதற்குள் மொழி என்னைப் பிடித்துவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, டச்சுக்காரரின் சொல் ஒழுங்கு கலாதி. வசனத்தில் இரண்டாவது இடம் வினைச்சொல்லுக்கு. முதலிடத்தில் 'நான்' இருக்கலாம், 'நேற்று' இருக்கலாம், 'ஸ்காபரோவில்' இருக்கலாம், யார் வந்து குந்தினாலும் பக்கத்தில் வினைதான். 'நேற்று' முன்னுக்கு வந்தால் 'நான்' எழும்பி இடம் விடும்: நேற்று, சாப்பிட்டேன், நான், புட்டு. எங்கள் வீட்டுக் காரிலும் இதே சட்டம். அப்பா ஓடினாலென்ன, நான் ஓடினாலென்ன, பக்கத்து சீட்டு அம்மாவுக்கு.

இனித்தான் விசயம். 'ஏனென்றால்' மாதிரி ஒரு சொல்லைப் போட்டு அந்த வசனத்தை இன்னொரு வசனத்தில் கொளுவினால், வினை பேசாமல் கடைசிக்குப் போய்விடும், தமிழில் இருக்கிற மாதிரியே. பெரியப்பாவின் வான் வண்டியில் ஏறினால் அம்மாவும் கடைசி சீட்டுக்குத்தான் போவார். சொந்த வண்டியில் முன்னுக்கு, அடுத்தவர் வண்டியில் பின்னுக்கு. ஒரு மொழி முழுக்க இந்த நாகரிகம் ஓடுகிறது என்று பிடிபட்ட அன்று, சிவப்பு விளக்கில் தனியே இருந்து சிரித்தேன்.

கலியாணம் முடிந்து அக்கா நெதர்லாந்துக்குப் போன அடுத்த வருடம் வயிற்றில் பிள்ளை. முதற்பிள்ளைப் பேறு தாயின் பொறுப்பு, அதில் அம்மாவுக்கு மறுபேச்சில்லை. மூன்று மாதம் அங்கே நின்று, பிள்ளை பெற்ற உடம்புக்குச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுக்கவேண்டும். சரக்கெல்லாம் வறுத்து அரைத்தும் ஆயிற்று. ஆனால் அது, கோப்பி குடிக்கப் போவதென்றாலே முற்கூட்டி நாள் குறிக்கிற நாடு. அத்தானின் அம்மா சம்மதிக்காமல் போனால் மனவருத்தமாகிவிடும் என்று அக்காவுக்குப் பயம்.

“அக்காவையே கேக்கச் சொல்லுங்கோவன்” என்றேன் அம்மாவிடம்.

“அவள் நடுவிலை மாட்டமாட்டாளாம். நீ கேள். டச்சிலை கேள். இங்கிலீஷிலை கேட்டா பாங்க்கிலை லோன் கேக்கிற மாதிரிக் கிடக்கும்.”

ஞாயிறு காலை வீடியோ அழைப்பு. திரையில் அக்காவும், கண்ணாடி போட்ட அத்தானின் அம்மாவும். அம்மா தொடங்கினார்.

“பிள்ளைக்கு இது முதல் பிள்ளை, அதாலை நான் அங்கை வந்து, ஒரு மூண்டு மாசம், அவளுக்குச் சமைச்சுக் குடுத்து, குழந்தையைக் குளிக்க வாத்து…”

எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளன் நான். டொக்டரிடமும் சரி, பள்ளிக்கூடத்திலும் சரி, அம்மா பாதி சொல்லும்போதே மிச்சத்தை நானே முடித்துவிடுவேன். அன்றும் அப்படித்தான் இறங்கினேன். ஆனால் டச்சு இரண்டாம் இடத்திலேயே வினையைக் கேட்கிறது, அம்மாவின் வினையோ இன்னும் வந்தபாடில்லை. கையில் அகப்பட்டதைப் போட்டேன்: அம்மா வருகிறார், மூன்று மாதத்துக்கு.

அத்தானின் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“…உங்களுக்குக் கரைச்சல் இல்லாட்டி நிக்கலாமோ எண்டு கேக்கிறன்” என்று அம்மா அப்போதுதான் முடித்தார்.

“டேய், அம்மா கேக்கிறா. நீ ஓர்டர் போட்டிட்டாய்” என்றாள் அக்கா.

“என்னடா சொன்னனீ?”

“கொஞ்சம் ஷோர்ட்டாச் சொல்லிப்போட்டன். பொறுங்கோ அம்மா.”

திருப்பித் தொடங்கினேன். இரண்டாம் இடத்தில் 'கேட்கிறார்'. அதற்குப் பிறகு உங்களுக்குச் சிரமம், மகள், மூன்று மாதம் எல்லாம் வரிசையாக வர, 'தங்கலாமா' என்பது கடைசியில் போய் நின்றது, அம்மா வைத்த இடத்திலேயே. அந்த மனிசி என் உச்சரிப்பையும் சகித்துக்கொண்டு கடைசிச் சொல் வரும்வரை அசையாமல் இருந்தார். பிறந்ததிலிருந்து அப்படிக் காத்திருந்து பழகிய ஆட்கள்.

பிறகு அவர் தொடங்கினார். பிள்ளைகளின் வீடு மிகச் சின்னது என்பதால், குழந்தை இரவெல்லாம் அழும் என்பதால்…

“மாட்டாவாமோ?” அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

“இன்னும் முடியேல்லை அம்மா.”

“சின்ன வீடு எண்டா வேறை என்ன அர்த்தம்?”

“வினை வரட்டும், பொறுங்கோ.”

வந்தது. இரண்டு தெரு தள்ளி அவருடைய வீட்டு மேலறை சும்மா கிடக்கிறதாம், அங்கே தங்கலாமாம். விமான நிலையத்துக்கும் தானே காரோடு வருவாராம். இராச்சாப்பாடு மட்டும் ஆறு மணிக்கு.

“ஆறு மணிக்கோ? அது தேத்தண்ணி நேரமெல்லோ” என்ற அம்மா, உடனே சுதாரித்துக்கொண்டார். “ஓம் எண்டு சொல்லு. காரிலை நான் பின்னுக்கு இருந்து வாறன், கரைச்சல் இல்லை எண்டும் சொல்லு.”

இந்த முறை அம்மா முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன். அத்தானின் அம்மா சிரித்தபடி ஏதோ சொன்னார்.

“எங்கை இருக்கட்டாம்?”

“முன்னுக்கு அம்மா. தனக்குப் பக்கத்திலை.”