பட்டின் மூலக்கூறும் பேராசிரியரின் பெயரும்

எழுபதுகளின் இறுதியில் டெல்லி ஆய்வகம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவியான அவர் எனக்கு சீனியர். முந்தானையில் கண்ணாடியைத் துடைத்தபடியேதான் பேசுவார். சுருண்டிருக்கும் பட்டுப் புரதம் எப்போது மடிப்பு மடிப்பாக அடுக்கிக்கொள்கிறது என்பதை, அகச்சிவப்பு நிறமாலை எடுத்துப் பல வருடங்கள் உழைத்துக் கண்டுபிடித்தார்.

ஒரு கருத்தரங்கில் எங்கள் பேராசிரியர் அதைத் தன் கண்டுபிடிப்பாகப் பேசினார். ஸ்லைடு மாற்றும் வேலை அக்காவுக்கு. யாரோ கேள்வி கேட்டதும் பேராசிரியர் தடுமாறினார். புரொஜெக்டருக்குப் பின்னாலிருந்து இவரே பதில் சொன்னார்.

“அச்சா, நான் சொல்லிக் கொடுத்ததை மறக்கலையே” என்றார் பேராசிரியர், இந்தியில். அரங்கம் கைதட்டியது.

வெளியே வந்ததும், “ஏன்க்கா அவரைக் காப்பாத்தினீங்க?” என்று கேட்டேன்.

“அவர் தப்பா ஏதாவது சொல்லியிருந்தா, அதுவே நிஜம்னு ஆயிருக்கும்.”

பட்டம் வாங்காமலே அக்கா ஊருக்குப் போய்விட்டார். எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அவருக்குக் கோபம் வந்ததா என்பதுதான் தெரியவில்லை.