பசுமாட்டுக்காரரின் இடக்கை

எங்கள் வீட்டில் அரசியல் கதைத்து யாரும் கோபித்துக்கொண்டு போனதில்லை. கூடைப்பந்து கதைத்துக் கோபித்து, பாதித் தேநீரை வைத்துவிட்டு எழும்பிப் போனவர்கள் உண்டு. போனவர்கள் அடுத்த ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் வரும்போது அப்பாவுக்குக் கை கொடுத்தே ஆகவேண்டும். கொடுப்பார்கள், முகத்தை மட்டும் அந்தோனியார் சுரூபத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார்கள்.

அப்பா எங்கள் கோவில் பங்கின் அணிக்குப் பயிற்சியாளர். ஊரில் அவர் ஆடியது கரப்பந்து. இதிலும் ஒரு பந்தும் ஒரு வலையும் இருக்கிறதே என்ற துணிவில் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மொன்ட்ரியால் தீவிலுள்ள தமிழ்ப் பங்குகளும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து கோடையில் நடத்திய போட்டி அது. புதிதாகப் பெயர் கொடுத்த இளைஞர்களை அணிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுக்கும். பெரிய போட்டிகளில் டிராஃப்ட் என்பார்களே, அதேதான். எங்கள் ஆட்கள் அதை ஆளெடுப்பு என்றார்கள். முந்திய கோடையில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. எங்களுக்கு அந்த உரிமை அடிக்கடி கிடைத்தது என்று சொன்னால் மிச்சத்தை நீங்களே விளங்கிக்கொள்வீர்கள்.

எங்கள் அணிக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. எடுத்த பையன்களுக்கு அணியின் சட்டையைக் குடும்பங்களிலுள்ள கலியாணம் ஆகாத பெண் பிள்ளைகள்தான் கொடுப்பார்கள். கோவில் நிலவறை மண்டபத்தில், சுவாமியார் சட்டைகளை ஆசீர்வதித்த கையோடு, ‘அண்ணா’ அல்லது ‘தம்பி’ என்று சொல்லிக் கொடுக்கவேண்டும். வாங்கியவன் அன்றிலிருந்து அந்த வீடுகளுக்கெல்லாம் பிள்ளை, அந்தப் பெண்களுக்கெல்லாம் சகோதரன். இது அப்பா போட்ட சட்டம். முன்பொரு முறை அணியில் ஒருவன் இன்னொருவனுடைய தங்கையை விரும்பி, அணியே இரண்டாகப் பிளந்து, பந்தைக்கூட யார் வைத்திருப்பது என்று வழக்கு நடந்ததாம். அதன் பிறகு சட்டை வாங்கியவன் யாரும் எங்கள் பெண்களை அந்தக் கண்ணோடு பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அப்பா ஊர் விலக்கு வைத்திருப்பார்.

சித்தி எங்களோடு ரொக்ஸ்பரோவில் இருந்தார். அம்மாவின் ஒரே தங்கை. வார நாட்களில் ஒரு கார்டெரியில் குழந்தைகளைப் பார்க்கிற வேலை, கோடையில் ஆட்டங்களுக்குப் புள்ளி எழுதுகிற வேலை. அந்தப் பங்கில் கூடைப்பந்து உண்மையாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பதை ஆண்கள் எல்லோரும் அறிவார்கள், ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்கள். அணிக் குடும்பங்களின் கலியாணமாகாத பெண்களில் மூத்தவரும் அவரே. அதனால் முதல் தெரிவுக்குச் சட்டை கொடுக்கிற கடமையும் அவருடையது.

எனக்கு ஒன்பது வயதாயிருந்த அந்த வசந்தத்தில் இரண்டு பெயர்கள்தான் எல்லார் வாயிலும் அடிபட்டன. ஒருவன் மொன்ட்ரியால்-நோர் பையன், கதவு நிலைகளில் குனிந்து போகிற உயரம். அவனை நெட்டையன் என்றார்கள். மற்றவர் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தவர். கட்டை ஆள், ஆனால் பந்து அவர் கையில் இருந்தால் மற்றவர்கள் தங்கள் காலைத் தேடுவார்கள். பால்மாடு பற்றிப் படித்ததால் அவருக்குப் பசுமாட்டுக்காரன் என்று பெயர் விழுந்துவிட்டது.

எனக்குப் பசுமாட்டுக்காரரைத்தான் பிடிக்கும், காரணமும் உண்டு. அந்த வருடம் சித்திக்குத் திடீரென்று மாடுகள் மேல் அக்கறை வந்திருந்தது. சனிக்கிழமைகளில் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகப் பண்ணைக்கு மாடு காட்டப் போவார். ஒரு மாட்டைப் பார்ப்போம், அதிகம் போனால் இரண்டு. அங்கே தற்செயலாகப் பசுமாட்டுக்காரர் நிற்பார். ஒவ்வொரு சனியும் தற்செயலாகவே நின்றார். பிறகு மூவரும் கால்வாய்க் கரையில் ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு, அருகே ஒரு கூடைக்கம்பம் இருந்த முற்றத்துக்குப் போவோம். அவர் வலக்கையில் ஐஸ்கிறீமைப் பிடித்தபடி இடக்கையால் பந்தைப் போடுவார். ஐஸ்கிறீம் சிந்தாது, பந்தும் தவறாது. இவ்வளவு பெரிய வித்தையைக் கண்டும் சித்தி கூடையைப் பார்க்கமாட்டார், ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போது, “வீட்டில கேட்டா மாடு பாத்ததை மட்டும் சொல்லு, என்ன?” என்பார். மாடு பார்த்தது உண்மைதானே, அதனால் எனக்கு அதில் ஒரு சங்கடமும் இருக்கவில்லை.

ஆளெடுப்புக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து அணியின் ஆதரவாளர்கள் எங்கள் வீட்டு நிலவறையில் கூடினார்கள். டெப்பனர் என்கிற மூலைக்கடை வைத்திருந்த கடைக்கார மாமா பசுமாட்டுக்காரர் கட்சி. பாடகர் குழுவை நடத்துகிற அங்கிள் நெட்டையன் கட்சி. அப்பா நடுவில், ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தார்.

“உயரத்தைப் பாத்து மயங்காதேங்கோ,” என்றார் கடைக்கார மாமா. “தென்னையும் உயரம்தான். பந்து பிடிக்குமோ?”

“மற்றவன் என்ன செய்யிறான்? சுழண்டு சுழண்டு ஓடுறான்,” என்றார் பாடகர் குழு அங்கிள். “நெட்டையன் கூடைக்குக் கீழ சும்மா நிண்டாலே காணும். மாட்டுக்காரனுக்குச் சோதினை வந்தா மட்ச்சுக்கும் வரமாட்டான்.”

“அவன் ஒரு நாளும் வராமல் விட்டதில்லை.”

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“முகத்தைப் பாத்தாத் தெரியாதோ?”

இப்படி முகத்தையும் தென்னையையும் சாட்சிக்குக் கூப்பிட்டு வாதம் நடந்தது. குரல்கள் ஏறின. அப்பா மெல்ல மெல்லப் பசுமாட்டுக்காரர் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு ஒரு முறையாவது போட்டியின் வெற்றிக் கிண்ணத்தைத் தூக்கிப் பார்க்கவேண்டும். தன்னை ஒரு கரப்பந்துக்காரன் என்று எல்லோரும் முதுகுக்குப் பின்னால் சிரிப்பது அவருக்குத் தெரியும், அது அவரை உறுத்தியது. கடைசியில் ரோல்ஸை வைத்துவிட்டு, “அப்ப மாட்டுக்காரனையே எடுப்பம்,” என்றார்.

அப்போதுதான் படியில் இருந்த சித்தி வாய் திறந்தார்.

“அத்தான், அந்த ஆளுக்கு இடக்கை இல்லை.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“எல்லாம் வலக்கைதான். வலப்பக்கம் ஒருத்தன் மறிச்சு நிண்டால் ஆளின்ர கதை முடிஞ்சுது. புள்ளி எழுதுற எனக்குத் தெரியாதே?”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சனிக்குச் சனி பார்த்த கண்ணல்லவா அது. “இல்லை, அவர் இடக்கையாலும் போடுவார்,” என்றேன்.

“நீ எங்க பிள்ளை கண்டனீ?” என்று அப்பா கேட்டார்.

சித்தி படியின் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த நேரத்தில் என் நாக்கு நுனியில் இருந்தது. எனக்கு அது தெரியாது. மாட்டைப் பற்றி மட்டுமே கதைப்பதாக ஒத்துக்கொண்டிருந்தேன், இவர்களோ மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மீறிச் சொன்னால் சனிக்கிழமை ஐஸ்கிறீமுக்கு ஆபத்து வரலாம் என்றும் பட்டது.

“சும்மா, போடுவார் எண்டு நினைச்சன்,” என்றேன்.

பெரியவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் நின்றவர் அம்மா மட்டும்தான். தேநீர்த் தட்டோடு வந்தவர் ஒருமுறை என்னைப் பார்த்தார், பிறகு நெடுநேரம் தன் தங்கையைப் பார்த்தார். கூடைப்பந்தைப் பற்றி அதுவரை ஒரு சொல்லும் சொல்லியிராத அம்மா அன்று சொன்னார்:

“நெட்டையனையே எடுங்கோவன். மேல் அலுமாரியில எனக்கு எட்டாத சாமான் எவ்வளவு கிடக்கு.”

அதற்கும் சிரிப்பு எழுந்தது. ஆனால் சித்தியின் கணக்கு ஒரு நாளும் பிழைத்ததில்லை என்பது அப்பாவுக்குத் தெரியும். தலையைச் சொறிந்தார், யோசித்தார், நெட்டையன் என்று முடிவு செய்தார். கடைக்கார மாமா பாதித் தேநீரோடு எழும்பிப் போனார்.

அடுத்த சனி நான் ஐஸ்கிறீமைக் கோபத்தோடு தின்றேன். பசுமாட்டுக்காரர் வீட்டுச் செய்தி என்ன என்று கேட்டபோது, ஒளிக்காமல் உள்ளதைச் சொன்னேன். “உங்களுக்கு இடக்கை இல்லையாம், எடுக்கவேண்டாமாம். சித்திதான் சொன்னவ.” அவர் துயரப்படுவார், சித்தியோடு சண்டை பிடிப்பார் என்று காத்திருந்தேன். மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்து, எனக்கு இன்னொரு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். தன்னை வேண்டாம் என்று தள்ளியவளைப் பார்த்துச் சிரிக்கிற ஆளுக்கு மானம் ரோசம் கிடையாது என்று எனக்குப் பட்டது. இரண்டாவது ஐஸ்கிறீமையும் தின்றேன்.

நெட்டையனுக்குச் சித்தி சட்டை கொடுத்தார். “தம்பி, நல்லா விளையாடுங்கோ,” என்றார், அவர் அவ்வளவு மகிழ்ச்சியோடு யாருக்கும் சட்டை கொடுத்து நான் கண்டதில்லை. பசுமாட்டுக்காரரை ஓர் ஊர்ச் சங்கத்து அணி எடுத்துக்கொண்டது.

நெட்டையனைக் குறை சொல்லக்கூடாது. அவன் நின்ற இடத்தில் நின்றே எங்களை வெல்லவைத்தான். எங்கள் பங்கு முதல்முறையாக இறுதி ஆட்டம் வரை போனது. அப்பா அந்தக் கிழமை முழுவதும் சவரம் செய்யும்போதுகூடப் பாடினார். எதிரே வந்தது ஊர்ச் சங்கத்து அணி.

கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். பந்து பசுமாட்டுக்காரர் கைக்குப் போனது. அப்பா கோட்டோரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்: “வலக்கை! வலப்பக்கத்தை மறியுங்கோ!” எங்கள் பையன்கள் சொன்னபடியே இரண்டு பேராக வலப்பக்கம் பாய்ந்தார்கள். பசுமாட்டுக்காரர் ஒரு கணம் தயங்கினார். பிறகு பந்தை இடக்கைக்கு மாற்றி, ஆளில்லாத பக்கத்தால் போய், மெதுவாகக் கூடைக்குள் விட்டுவிட்டு வந்தார்.

மண்டபத்தில் பாதிப் பேர் துள்ளினார்கள். நாங்கள் பாதிப் பேர் கல்லாக இருந்தோம். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா புள்ளிப் பலகையைப் பார்க்கவில்லை, புள்ளி எழுதுகிற மேசையைப் பார்த்தார். சித்தி தலை நிமிராமல் அந்த இரண்டு புள்ளிகளை எழுதிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும்போது காரில் அம்மா முன்னால், சித்தியும் நானும் பின்னால்.

“இடக்கை இல்லையெண்டு சொன்னனீ,” என்றார் அப்பா.

“இருக்கு, அத்தான்.”

“முதலே தெரியுமோ?”

“ஓம்.”

ஒரு சிவப்பு விளக்கில் கார் நின்றது. அப்பா கண்ணாடியில் சித்தியைப் பார்த்தார். “எடுத்தா நீ சட்டை குடுக்கவேண்டி வந்திருக்கும், என்ன?”

சித்தி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழுதார். எங்கள் தோல்வி இவ்வளவு நேரம் கழித்தாவது அவருக்கு உறைத்ததே என்று எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அவருடைய முழங்காலைத் தடவிக்கொடுத்தேன்.

“அவன்ர தாய் தகப்பன் எங்க இருக்கினம்?” என்று அப்பா கேட்டார்.

“லாவல்ல.” பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், “அவையள் சைவ சமயக்காரர், அத்தான்,” என்றார்.

விளக்குப் பச்சையானது. அப்பா காரை எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான், பிறகு இன்னொருவன் அடித்தான். அதன் பிறகுதான் கார் நகர்ந்தது.

“ஞாயிறு பூசை முடிஞ்ச பிறகு வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லு,” என்றார் அப்பா. “தாய் தகப்பனையும் கூட்டிக்கொண்டு.” சற்றுப் பொறுத்து அம்மாவிடம், “எங்கட சட்டியெல்லாம் மீனும் இறைச்சியும் காச்சினது. மரக்கறிக்கு ஒரு புதுச் சட்டி வாங்கவேணும்,” என்றார்.

அம்மா வீதியைப் பார்த்தபடியே சொன்னார்: “வாங்கி வைச்சிருக்கிறன்.”

அப்பாவின் குரல் கரகரத்திருந்தது, கத்தியதால் என்று நினைத்தேன். எத்தனையோ கோடைகளாகக் காத்திருந்த கிண்ணத்தைக் கையிலிருந்து பறித்துப் போனவனைக் கூப்பிட்டு, அவனுடைய தாய் தகப்பனுக்கும் புதுச் சட்டியில் சமைத்துப் போடப் போகிறார்கள். அதைவிட மானக்கேடு ஓர் அணிக்கு உண்டா? அப்பாவுக்குக் கூடைப்பந்தில் உண்மையான பற்று என்றுமே இருந்ததில்லை என்று அன்று முடிவுகட்டினேன். ரொக்ஸ்பரோ வந்து சேரும்வரை அவரோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.