பழைய இரும்பில் கட்டிய ஞாயிற்றுக்கிழமைகள்

இந்த ஊரில் ஒன்பது கஜப் புடவை கட்டிய பெண்கள் சைக்கிளில் போகிறார்கள். வருடக்கணக்காகப் பார்த்தும் எனக்கு அது முழுதாகப் பழகவில்லை. இன்று காலையில்கூட போபோடி ரயில்வே கேட் பக்கம், மூக்கில் முத்து நத்து போட்ட ஓர் அம்மாள், புடவையைக் கால் நடுவே வாங்கிப் பின்னால் செருகிக்கொண்டு, கூடையில் கொத்தமல்லிக் கட்டோடு, தூறலில் நிதானமாக மிதித்துக்கொண்டு போனாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. அவளையும் யாரும் பார்க்கவில்லை. நம் குடியாத்தத்தில் ஒருத்தி இப்படிக் கிளம்பியிருந்தால் கடைத்தெருவே பின்னால் ஓடி வந்திருக்கும். பூனாவில் அவள் மழையோடு மழையாகக் கலந்து மறைந்துவிட்டாள். பாதித் தூக்கத்தில் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியுமே, அப்படித்தான் இந்த ஊர் எனக்கு இன்னும் தெரிகிறது.

கல்யாணமான கையோடு இங்கே வந்தேன். என் வீட்டுக்காரர் வரதராஜனுக்குக் கட்கியில் ராணுவ டிப்போவில் ஸ்டோர் கிளார்க் வேலை. போபோடியில் தகரக் கூரை போட்ட வரிசை வீடு, இரண்டு அறை. காலையில் அவர் டிபன் கேரியரோடு போய்விட்டால் சாயங்காலம் வரைக்கும் நான் ஊமை. அக்கம்பக்கத்துப் பெண்கள் மராட்டியில் ஏதோ கேட்பார்கள், நான் சிரிப்பேன். மறுபடி கேட்பார்கள், மறுபடி சிரிப்பேன். மூன்றாம் முறை அவர்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மத்ராசி பாயி’. பெற்றவர்கள் சரஸ்வதி என்று பெயர் வைத்தது குடியாத்தத்துக்கு மட்டும்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஜூன் மாதம் பிடித்த மழை தீபாவளி வரப் போகும் நேரத்தில்தான் விட்டது. அத்தனை நாளும் கூரைத் தகரம் மட்டும் என்னோடு பேசிக்கொண்டிருந்தது.

அவர் நிலைமை என்னைவிட மோசம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரு பேச்சுக்காரர். ஊரில் அவர் வாயைத் திறந்தால் பந்தியில் இருக்கிறவர்களுக்குப் புரையேறும். கல்யாணத்தன்று தாலி கட்டும்போதுகூட என் அண்ணன் காதில் ஏதோ சொல்லி, அண்ணன் சிரிப்பை அடக்க மாட்டாமல் பந்தலை விட்டு வெளியே ஓடினான். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இங்கே ‘ஜீ சாப்’, ‘டீக் ஹை’ இரண்டும்தான் வாய். ஒரு நாள் கான்டீனில் ஒரு வேடிக்கையை இந்தியில் சொல்லிப் பார்த்தாராம். எல்லாரும் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுச் சாப்பிட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் முயற்சி செய்யவில்லை. வருடம் தவறாமல் ஆவடி டிப்போவுக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போடுவார். ஊர் என்று அவர் ஏங்கியதெல்லாம், நாலு பேர் தன் பேச்சுக்குச் சிரிக்க வேண்டும் என்பதற்குத்தான்.

என்ன தோன்றியதோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜூனா பஜாரின் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். சண்டைக் காலத்தில் பட்டாளத்தார் ஓட்டிக் கழித்துப் போட்டது. மோட்டார் சைக்கிள் என்பது மரியாதைக்குச் சொன்ன பெயர். பாதிக்கு மேல் துரு. யாரையோ பிடித்துக் கிளப்பி, ஏறி, தெருமுனை போவதற்குள் சாக்கடையில் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். “இது ஆம்பள ஓட்டுற வண்டியே இல்ல சரசு, எமன் ஓட்டுறது. எருமைக்கு வயசாயிடுச்சுன்னு வித்துட்டான்” என்றார். கட்டுப் போட்ட கையோடும் அவருக்கு வேடிக்கைப் பேச்சு வந்தது. வண்டி கொல்லைப்புறத்தில் சாக்குப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

வேலையற்ற பகல்கள். ஒரு நாள் சும்மா மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஒரு மூலையைத் துடைத்துப் பார்த்தேன். துருவுக்குக் கீழே பளபளவென்று இரும்பு. மறுநாள் சங்கிலி. அதற்கு மறுநாள் சக்கரத்துக் கம்பிகள். யாரோடும் பேசாமல் கையில் ஒரு வேலை இருப்பது எவ்வளவு ஆறுதல் என்று அப்போதுதான் கண்டேன்.

கை சரியானதும் அவர், கசார்வாடியில் லேத் பட்டறை வைத்திருந்த தத்தோபா என்பவரிடம், வண்டியை எடைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். தத்தோபா வந்தபோது வீட்டில் நான் மட்டும். சாக்கை விலக்கிய மனிதர் அப்படியே குந்திவிட்டார். சங்கிலியைத் தொட்டார், விரலைப் பார்த்தார், விரலில் அழுக்கு இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, “கோண் சாலவணார்? தும்ஹீ?” என்றார். யார் ஓட்டப் போவது, நீங்களா என்று கேட்டிருக்கிறார். எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. புரியாத இடத்தில் நாம் என்ன செய்வோம்? இடமும் வலமுமாகத் தலையை ஆட்டி வைத்தேன். நம் தலையாட்டலுக்கு இந்த ஊரில் ‘ஆமாம்’ என்று அர்த்தம் எடுத்துக்கொண்டுவிட்டார் அவர். வண்டியை எடைக்கு எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரேரா என்கிற கிழட்டு ரயில்வே ஃபிட்டரையும் ஒரு கிளட்ச் தட்டையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். எனக்கு விஷயம் விளங்கியபோது இரண்டு பேரும் வண்டியைப் பாதி பிரித்திருந்தார்கள். இல்லை என்று சொல்ல மராட்டி தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

பட்டறைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் கற்றுக்கொண்டேன். தத்தோபாவின் மனைவி பார்வதிபாய் தன் ஒன்பது கஜத்தை எடுத்து எனக்கு அவர்கள் மாதிரி இறுக்கிக் கட்டிவிட்டாள். கட்டி முடித்து இடுப்பில் ஒரு தட்டுத் தட்டினாள். போய் ஏறு என்று அர்த்தம். முதல் தடவை வண்டி என்னைத் தூக்கிக்கொண்டு போனபோது வயிற்றுக்குள் என்னவோ கழன்று விழுந்தது. பயம்தான் என்று நினைத்தேன். பொட்டலை இரண்டு முறை சுற்றி வந்த பிறகுதான் அது சந்தோஷம் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பம்பாய் ரோட்டோரம் கூடுகிற ஒரு கூட்டம் இருந்தது. பழைய இரும்பில் தாங்களே வண்டி கட்டிக்கொண்டவர்கள். ஊருக்குள் எங்களை ‘பங்கார்வாலே’ என்பார்கள், ஓட்டை உடைசல் கூட்டம் என்று. கௌரவமான வீடுகளில் எங்களை உள்ளே விட மாட்டார்கள். தத்தோபா, பெரேரா, போபோடி சந்தில் தோல் கடை வைத்திருந்த ஆம்பூர் ராவுத்தர் ஒருவர், பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத சாதியில் பிறந்த ஒரு பெயின்டர், இன்னும் சிலர். யாரும் யாரையும் சொந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. டாங்கி என்ன நிறமோ அதுதான் பெயர். பெயின்டர் தன் கையால் என் டாங்கிக்கு மஞ்சள் அடித்தார். அன்றிலிருந்து நான் ‘பிவளி’, மஞ்சள்காரி. தெருவில் மத்ராசியாக இருந்தவள் அந்தச் சாலையில் மட்டும் நிறமாகிவிட்டேன். வண்டியில் அவரவர் கொடுத்த பாகம்: பெரேரா கொடுத்த கார்புரேட்டர், ராவுத்தர் கொடுத்த முன் விளக்கு, தத்தோபா கடைந்த அச்சு. பின் சீட்டு மட்டும் என் வீட்டுக்காரர் உபயம். தேங்காய் நார் திணித்துத் தைத்து வாங்கி வந்தார், தனக்காக.

ஆமாம், அவர் பின்னால் உட்கார்ந்துதான் வருவார். முதலில் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று வந்தார். பிறகு கண்ணைத் திறந்தார். தளேகாவ் தாண்டினால் மேகம் சாலையில் இறங்கி நிற்கும். முன்னால் போகிறவர்களின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோகும். இரண்டு பக்கமும் நெல்வயல் தண்ணீர் வானத்தைக் காட்டும். சாலை எங்கே, வானம் எங்கே என்று தெரியாது. எஞ்சின் சத்தம்கூடப் பஞ்சுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும். அப்போது எனக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. கை மட்டும் இருந்தது, சாலை மட்டும் இருந்தது. கண்டாலாவில் டீக்கடை வாசலில் நிறுத்தி, ஒரே செய்தித்தாளில் எல்லார் ரொட்டியையும் கொட்டிச் சாப்பிடுவோம். யாருக்கும் யார் பேச்சும் முழுதாகப் புரியாது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை.

ஒரு பொங்கலுக்கு ராஸ்தா பேட்டையில் தமிழ்க்காரர்கள் கூடியிருந்தார்கள். நாங்களும் போனோம். நான் ஓட்டிக்கொண்டு, அவர் பின்னால். வாசலில் நின்ற டிப்போ ஆபீசர் ஒருவர், “என்ன வரதராஜன், டிரைவர் போட்டிருக்கேளா?” என்றார். ஒரு மாமி என் புடவைக் கட்டைப் பார்த்து, “ஏண்டிம்மா, மராட்டிக்காரியாவே மாறிட்டியா?” என்றாள். எனக்கு முகம் எரிந்தது. இவர் அமைதியாக, “எனக்கு ஓட்டத் தெரியாதுங்க சார். அவளுக்குத் தெரியும். தெரிஞ்சவங்க முன்னால உக்காரணும், தெரியாதவங்க பின்னால உக்காரணும். டிப்போவுலதான் அது தலைகீழா இருக்குது” என்றார். தமிழில் ஆயிற்றே! வாசலே அதிர்ந்து சிரித்தது, அந்த ஆபீசரைத் தவிர. அன்று திரும்பி வரும் வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் அவர் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். எத்தனை காலத்துக்குப் பிறகு நாலு பேர் சிரித்தார்கள்!

போன வருடம் அவருக்கு ஆவடிக்கு மாற்றல் வந்துவிட்டது. காகிதத்தை எடுத்துக்கொண்டு வெற்றிலைச் சிவப்போடு வீட்டுக்குள் நுழைந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எனக்குப் போக மனமில்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. எந்தப் பெண்பிள்ளை ஊர் திரும்புவதற்கு அழுவாள்? அதுவும் ஒரு வண்டிக்காக! சர்க்கரைப் பொங்கல் செய்தேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊரை விட்டுப் போகிறவர் வண்டியை விற்கக் கூடாது. அதில் முக்கால்வாசி மற்றவர்கள் போட்டது. பிரித்து, அவரவர் கொடுத்ததை அவரவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். குறித்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். தத்தோபா ஸ்பேனரை எடுத்தார். நான் கையை நீட்டினேன்.

“அஸூ த்யா, வஹினி” என்றார் அவர். இருக்கட்டும் அண்ணி என்று.

“நக்கோ. மீ கர்தே” என்றேன். வேண்டாம், நானே செய்கிறேன் என்று சொல்லும் அளவுக்கு மராட்டி வந்திருந்தது.

டாங்கியைக் கழற்றிப் பெயின்டரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கார்புரேட்டரைப் பெரேரா கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். விளக்கு ராவுத்தரிடம் போயிற்று. “இதுல என்ன இருக்கு தங்கச்சி, இரும்புதானே” என்றார் அவர். பார்வதிபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் அழவில்லை. குனிந்து பின் சக்கரத்து நட்டைத் திருகிக்கொண்டிருந்தபோது, பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.

“சரசு, போதும். ஸ்பேனரக் கீழ வை.”

“இன்னும் சக்கரம் இருக்குதுங்க.”

“இருக்கட்டும். எல்லாத்தயும் திருப்பி மாட்டச் சொல்லு. எனக்கு இந்தில சொல்ல வரல.”

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று இருந்தது. “இன்னாங்க சொல்றீங்க? இத்தினி வருசமா எழுதிக்கினு இருந்தீங்களே!”

“நீ கழட்டுறப்ப உன் மூஞ்சிய நீ பாக்கல. நான் பாத்துக்கினு இருந்தேன்.”

“அப்ப ஆவடி?”

“ஆவடிக்குக் காலா இருக்குது, எழுந்து போறதுக்கு? அங்கியேதான் கெடக்கும்.”

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தமிழ் தெரிந்த ராவுத்தர் மட்டும் விளக்கைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் “வாபஸ் லகாவோ” என்று மட்டும் சொன்னேன். அந்த ஆவடி வேடிக்கையை மொழிபெயர்க்க எனக்குத் தெரியவில்லை. பிறகு பெரேரா, எழுபது வயதுக் கிழவர், என் வீட்டுக்காரரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். பொழுது சாய்வதற்குள் வண்டி மறுபடி எழுந்து நின்றுவிட்டது, இரண்டு நட்டு மிச்சத்தோடு. மறுநாள் அவர் மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வேண்டாங்க, போகலாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு முள்ளும் இருக்கிறது. அது இன்னும் இருக்கிறது.

ஊரிலிருந்து எழுதிக் கேட்கிறீர்கள், அங்கேயே வேர் விட்டுவிட்டீர்களா என்று. நான் விட்டுவிட்டேன். அவரைப் பற்றி என்ன சொல்ல? போன ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. கண்டாலாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். இப்போதெல்லாம் பின்னால் உட்கார்ந்து அவர் பேசிக்கொண்டே வருகிறார். டிப்போவில் சொல்ல முடியாததை எல்லாம், வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த வேடிக்கையை எல்லாம், தமிழில் என் முதுகில் சொல்கிறார். முடித்ததும் தோளைத் தட்டி, “கேட்டுச்சா?” என்பார். “கேட்டுச்சுங்க” என்று நான் சிரிப்பேன். எனக்குக் கேட்டது பாதிதான். மீதியை அவர் வாயிலிருந்தே காற்று பிடுங்கிக்கொண்டு, நாங்கள் வந்த சாலையோடு, தென்கிழக்காக, நம் ஊர் இருக்கிற பக்கம் போய்விடுகிறது.